முதுகுன்றமும் வான்வழியும்

“ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது” என்று நம் நாட்டிலே ஒரு பழமொழி உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்திலே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தா நதியில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக் கொண்டார் என்பது பெரிய புராண வரலாறு. அந்தத் திருமுதுகுன்றமே இன்றைய விருத்தாசலம்.

பழமலைநாதரைத் தரிசித்த பின், பீங்கான் தொழிற்கூடங்கள் உள்ள பக்கம் சென்றோம். வெண்களிமண்ணானது பொம்மைகளாகவும், அகல் விளக்குகளாகவும், மின்சாரக் கருவிகளின் உறுப்புகளாகவும் உருமாறும் அழகே அழகு! சூளையருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் குமாரன் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறானாம்.

“வாத்தியாரையா! சென்னையிலே காலை ஆறு மணிக்கு ஏறினவன், பதினொன்றரைக்கு லண்டனில் இறங்கிவிட்டேன் என்கிறானே! ஐந்தரை மணியில் அவ்வளவு தூரம் போக முடியுமா?” என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். சென்னைக்கும் லண்டனுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். மேலேறவும் கீழிறங்கவும் பிடிக்கும் நேரத்தையும், மேற்கு நோக்கிச் செல்கையில் எதிர்க்கும் காற்றையும் சேர்த்தால், பத்துப் பதினொரு மணி நேரம் ஆகிவிடும். ஆனால் குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்தங்கி ஓடுகிறது. பிள்ளை பறந்தது பதினொரு மணி. கடிகாரம் காட்டியது ஐந்தரை மணி. திரும்பி வரும்போது இந்தக் கடனை வட்டியின்றித் தீர்க்க வேண்டியதுதான்!

இன்னொரு விந்தையும் உண்டு. தட்டையான படத்தில் இரு நகரங்களையும் கோடிட்டு இணைத்தால், அது இராக் தேசத்தின் மேல் செல்லும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடக்கே வளைந்து காஸ்பியன் கடலைக் கடக்கும். அந்த நூலே குறுகிய வழி. எனினும் போர் நடக்கும் நாடுகளை விலக்கிச் சுற்றிப் போகும் போது தூரமும் நேரமும் கூடும்.

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1948 ஜூன் 8-ந் தேதி, ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா வழியாக 10-ந் தேதி லண்டன் சேர்ந்தது. அந்நாளைய விமான எஞ்சினில் நெருப்புப் பொறி எழுப்பும் ‘பிளக்’குக்கு மின்காப்பாக இருந்தது பீங்கான் இனப் பொருள். இன்றைய ஜெட் எஞ்சினிலும், உலோகத்தை உருக்கவல்ல வெப்பத்திலிருந்து சுழல் தகடுகளைக் காப்பது சிர்கோனியா என்னும் பீங்கான் பூச்சே. பெரியவர் இதைக் கேட்டு, தம் கையிலிருந்த அகலைச் சற்று நேரம் உற்று நோக்கினார்.

அகலுக்கும் ஆகாய விமானத்துக்கும் உறவு இருக்கிறதல்லவா? இவ்வூரிலேயே பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் கல்லூரியும் உண்டு. அங்கே பயில்வோர் அகலோடு நின்றுவிடாமல் எஞ்சின் வரை எட்டிப் பார்க்க வேண்டும். கடல் கடந்து சென்ற பிள்ளைகளின் கல்வியும் இதற்குத் துணை நிற்கட்டும். ஆற்றில் இட்ட பொன் நம் குளத்திலேயே கிடைப்பதுதானே முறை!