எடைப் பாடமும் சோற்றுப் பாடமும்

தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பழங்கதை பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு 'டாஃப் கிளப்'பில் வந்து நிற்கும். அன்றைக்கு ஒல்லியாக இருந்தவர்கள் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தக் கிளப்பில் இருந்தவர்கள் மெல்லப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மாணவர்களிடையே உடற்பருமனைக் குறைக்க 1992-இல் கல்வி அமைச்சு 'டிரிம் அண்டு ஃபிட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக டி-ஏ-எஃப். அந்த மூன்று எழுத்தையும் பின்னாலிருந்து படித்தால் 'குண்டு' என்பதற்கான ஆங்கிலச் சொல் வரும். பெயர் வைத்தவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டியவர்களைப் பிரித்தெடுத்து, இடைவேளையிலோ பள்ளி தொடங்குமுன்போ தனியாக ஓடவிட்டார்கள். அந்தக் கூட்டம்தான் டாஃப் கிளப். சில பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலையில் எவ்வளவு வாங்கிச் சாப்பிடலாம் என்பதற்குக் கலோரிச் சீட்டுகூட இருந்தது.

எடை பார்க்கும் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்டபத்து மூலையில் எடை இயந்திரம்; எண்ணைச் சத்தமாகப் படிக்க ஓர் ஆசிரியர்; அதை எழுதிக்கொள்ள வகுப்புத் தலைவி. எனக்கு முன்னால் நின்ற தோழி காலணியைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், சட்டைப் பையிலிருந்த சில்லறையை எடுத்து என் கையில் கொடுத்தாள். கடைசியில் தலையில் குத்தியிருந்த இரண்டு கிளிப்புகளையும் உருவிக் கொடுத்தாள். முதல் நாள் இரவும் சாப்பிடவில்லை, காலையில் பசியாறவும் இல்லை என்று என் காதில் சொன்னாள். அப்போது எங்களுக்குப் பத்து வயது. அந்த வருடம் எங்களுக்குச் சத்துணவைப் பற்றி என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. சாப்பிடாமல் இருந்தால் எண் குறையும் என்ற பாடம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்குமே மறக்கவில்லை. எனக்கு எடைப் பிரச்சினை இருந்ததில்லை. ஆனாலும் குண்டாக இருப்பது வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தப்படும் அளவுக்கு ஒரு குற்றம் என்பதை நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

திட்டம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. பருமனான மாணவர்களின் விகிதம் பத்தாண்டுகளில் 14 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. வெளிநாடுகளில்கூட அதைப் பாராட்டி எழுதினார்கள். ஆனால் எடை குறைந்த பிள்ளை சாப்பாட்டோடு என்ன உறவு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள் என்று குறித்துக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை. மனத்தளவில் பிள்ளைகள் பட்ட அடியைப் பற்றிப் பெற்றோர்கள் குறைகூறி வந்தார்கள். 2007-இல் அமைச்சு அதை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களையும் சேர்த்துப் பார்க்கும் பொதுவான உடல்நலத் திட்டத்துக்கு மாறியது.

இது சிங்கப்பூரின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில், பள்ளியில் பிள்ளையின் எடையைப் பார்த்து வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் வழக்கம் வந்தது. அதனால் பயன் உண்டா என்று கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் ஏறக்குறைய 29,000 மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவு இதுதான்: கடிதத்தால் பிள்ளைகளின் எடை குறைந்ததாகத் தெரியவில்லை, பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மீது அதிருப்தி மட்டும் கூடியிருந்தது.

வயிற்றைக் கட்டினால் மனம் என்ன ஆகும் என்பதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்த ஆட்கள் அவர்கள். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டில் விழுந்ததை மணிக்கணக்காகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சோதனை முடிந்த பிறகு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் உண்டு. இன்று கைப்பேசியில் இளம்பெண்களுக்குச் சிபாரிசாகும் 'டயட்' பட்டியல்களில் பல 1,200 கலோரியோடு முடிந்துவிடுகின்றன.

அதற்காகச் சத்துணவுப் பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். 2016-இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது, எங்கள் குடும்பத்தில் மாத்திரை டப்பா இல்லாத வீடே இல்லை. நம் தட்டில் முக்கால்வாசி சோறும், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் இருப்பதை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2022 கடைசியில் இங்கே பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேடு' வந்தது. சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. அந்த அவமானத்துக்குப் பயந்து தயாரிப்பாளர்களே சர்க்கரையைக் குறைத்தார்கள். 2017-இல் 7.1 விழுக்காடாக இருந்த பாட்டில் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு, 2023-க்குள் 5-க்கும் கீழே வந்துவிட்டது. இதற்காக ஒரு பிள்ளையும் கிளிப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறவில்லை. முன்பு மதிப்பெண் பிள்ளைக்குப் போட்டார்கள். இப்போது பானத்துக்குப் போடுகிறார்கள். எனக்கு இது பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

ஆனால் பிள்ளைகள் அதையும் தங்கள் மேலேயே ஒட்டிக்கொள்கிறார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா சுட்ட தோசையை ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். "ஏம்மா, நல்லா இல்லையா?" என்று அம்மா கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு பாட்டி. மத்தியானம் ஒரு டி குடிச்சிட்டேன். அதுக்குத்தான்" என்றாள். டி தரம் வாங்கிய பபிள் டீயைக் குடித்த பாவத்துக்குத் தோசையில் பிராயச்சித்தம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "டீ குடிச்சா பசிக்காதா என்ன?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தோசையை வைத்தார். அது தட்டிலேயே ஆறிப்போனது.

பள்ளியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. தீபாவளிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னடி, உப்பிட்டே?" என்றோ, "இப்படித் துரும்பா இளைச்சிட்டியே, சாப்பிடறதே இல்லையா?" என்றோ கேட்காத அத்தையோ சித்தியோ உண்டா? அதைக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே முறுக்குத் தட்டை நீட்டி "வெட்கப்படாம எடுத்துக்கோ" என்போம். அந்தப் பிள்ளை எந்தக் கையால் எடுக்கும்?

பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியது சோற்றைப் பற்றிய பாடம். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு முழுத்தானியம், கால்பங்கு புரதம். அதைச் சுவரொட்டியில் காட்டுவதோடு விடாமல், தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போய்க் கீரை வாங்கி, ஆய்ந்து, கூட்டு வைக்கக் கற்றுக்கொடுக்கலாம். பசிக்குச் சாப்பிடுவது எது, சலிப்புக்குச் சாப்பிடுவது எது என்று அவர்களையே பேசவிடலாம். எடையைப் பற்றிப் பேசியே ஆகவேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை மருத்துவர் அறையில், பெற்றோரை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம். விளையாட்டுத் திடலிலும் சாப்பாட்டு மேசையிலும் அந்தப் பேச்சு வேண்டாம்.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. வரும் தீபாவளிக்கு, வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் படிப்பைக் கேளுங்கள், பந்தாட்டத்தைக் கேளுங்கள், பார்த்த படத்தைக் கேளுங்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.