அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்

காலையில எம்.ஆர்.டி. ரயிலில் நசுங்கிக்கிட்டே ஆபீஸ் போகும்போதெல்லாம் 2011 சிங்கப்பூர் தேர்தல்தான் ஞாபகம் வரும். அப்ப நான் ஊர்ல ஸ்கூல் பையன்.

பத்தே வருஷத்தில் மக்கள்தொகை 40 லட்சத்திலிருந்து 50 லட்சம். வீவக வீடும் ரயிலும் அந்த வேகத்துக்கு வரலை. மே 7 அன்று ஜனங்க ஓட்டில் காட்டிட்டாங்க. மக்கள் செயல் கட்சிக்கு 60.1 சதவீதம்தான், சுதந்திரத்துக்கு அப்புறம் அதுதான் ரொம்பக் குறைச்சல். போக்குவரத்து, வீடமைப்பு அமைச்சர்கள் இரண்டு பேருமே அமைச்சரவையை விட்டு விலகினாங்க.

எனக்கு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிற அங்கிள் சொன்னார்: "கோபம் உங்க மேல இல்ல தம்பி, வீடு கட்டாம ஆளைக் கூட்டிட்டு வந்தவங்க மேலதான்."

தலையாட்டினேன். ஆனா கூட்டிட்டு வந்த ஆள் நான்தானே அங்கிள்?