விதைக்கு விட்ட செடி

1998 மாசியில் கொழும்புக்குப் போய் அம்மாவை நானே மெல்பேர்ணுக்குக் கூட்டி வந்தேன். விமானத்தில் தந்த அட்டையில், விதைகள் ஏதும் கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று புள்ளடி போட்டதும் நான்தான்.

அம்மாவின் கைப்பையில் ஒரு சீலைத்துண்டு முடிச்சு இருந்தது. உள்ளே கத்தரி விதை. 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்த இரவில், உரும்பிராயில் இருந்து கொடிகாமம் வரை மடியில் முடிந்துகொண்டு போனது. 96 இல் ஊர் திரும்பி, அதே செம்மண்ணில் போட்டு, முளைக்க வைத்து, மறுபடி எடுத்த விதை. விமான நிலையத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். வாங்கினார். தொட்டிக்குள் போட்டார்.

வீடு வந்து சேரும்வரை அம்மா பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வசனம் சொன்னார்: "ஷெல்லுக்குத் தப்பினது, தம்பி, உன்ரை பேனைக்குத் தப்பேல்லை."

சட்டம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஒரு விதையோடு ஒரு நோய் வந்தால் ஒரு நாட்டின் தோட்டமே போகலாம். ஆனால் அதை அம்மாவுக்குச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

மூன்று கிழமை அவர் பின்வளவுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு இத்தாலிய மூதாட்டி வேலிக்கு மேலால் ஒரு கடித உறையை நீட்டினார். கடுகு போல உருண்டைக் கறுப்பு விதைகள். தொஸ்கானாவில் பிறந்தவர், ஆண்டாண்டாகத் தானே எடுத்து வைக்கும் விதை என்றார். பெயர் 'காவலோ நேரோ'. கறுப்புக் கோவா என்று பொருள். கடைகளில் கேல் என்று விற்கும் கீரையின் பழைய இனங்களில் ஒன்று. எங்கள் 'கோவா'வும் போர்த்துக்கேயரின் 'கோவ்' என்ற சொல்லில் இருந்து வந்ததுதான் என்று நான் சொன்னபோது, அம்மா முதல்முறையாகத் தலை நிமிர்த்திப் பார்த்தார்.

பங்குனியில் நாற்றுப் போட்டோம். ஆறாம் நாள் முளைத்தது. வெள்ளை வண்ணத்திப் பூச்சியின் பச்சைப் புழுக்களை அம்மா விடியவிடியக் கையாலேயே பொறுக்கினார். இந்தப் பூச்சி 1939 இல்தான் மெல்பேர்ணில் முதன்முதல் காணப்பட்டதாம். அதுவும் அட்டை நிரப்பாமல் வந்ததுதான் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

முதல் வறை கசந்தது. நடுநரம்பை எடுத்து, இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டும் கசந்தது. ஆடி மாதம் ஒரு காலை புல்லெல்லாம் உறைபனி. அதற்குப் பிறகு ஆய்ந்த இலை இனித்தது. குளிரைத் தாங்கச் செடி தன் மாப்பொருளைச் சீனியாக்கிக்கொள்கிறது என்று பின்னர் வாசித்தேன். அம்மா வாசிக்கவில்லை, "இது குளிர் கண்டால்தான் ருசி" என்று அன்றே சொல்லிவிட்டார்.

விருந்தினர் வந்த ஒருநாள், ஆகத் திறமான செடியில் நான் இலை முறித்துவிட்டேன். "விதைக்கு விட்டதிலை கை வைக்கிறியே, உனக்கு விசரே?" என்று எல்லார் முன்னிலையிலும் ஏச்சு விழுந்தது. அந்தச் செடிகளில் பழைய சேலைக்கரை கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு செடியை மட்டும் விட்டால் போதாது. நாலைந்தாவது சேர்ந்து பூக்கவேண்டும், தேனீ வரவேண்டும். பக்கத்தில் புரொக்கொலி பூத்தால் இனம் கலந்துவிடும். குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பூக்கும். புரட்டாதியில் மஞ்சளாகப் பூத்தது. மார்கழியில் நெற்றுகள் வைக்கோல் நிறமானதும் அடித்து, சுளகில் புடைத்து, பாபகியூ அடுப்புச் சாம்பலில் புரட்டி ஹோர்லிக்ஸ் போத்தலில் இட்டார்.

ஏ9 பாதை 2002 இல் திறந்தது. அடுத்த வருஷம் அம்மா ஊருக்குப் போனார். எங்கள் வளவு பற்றையாய்க் கிடந்ததாம். ஆனால் மூன்று வீடு தள்ளி, எப்போதோ அவர் ஒரு பிடி விதை கொடுத்த வீட்டில், அதே கத்தரி காய்த்துக்கொண்டிருந்ததாம். கறி வைத்துத் தந்தார்களாம். விதை கேட்டீர்களா என்றேன். "ஏன் கேக்க? அது அங்கை நிக்குது தானே," என்றார். புள்ளடி போட்ட கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

ஆனால் அன்றிலிருந்து கறுப்புக் கோவா விதையைக் கண்டவர்க்கெல்லாம் கொடுத்தார். டண்டினோங் கடைக்காரருக்கும் கோயிலில் கண்டவர்களுக்கும் கொடுத்தார். சிட்னிக்குப் படிக்கப் போன என் மகளின் பெட்டிக்குள்ளும் ஒரு பொட்டலம் வைத்தார்.

2011 இல் அம்மா போய்விட்டார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு மூதாட்டியும் போனார். வீடு விற்பனைக்கு வந்தது. சாமான் ஒதுக்க வந்த அவருடைய மகள் எங்கள் கதவைத் தட்டினார். அம்மாவின் கோவா விதையை வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, உங்களிடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

போத்தலை எடுத்தேன். சாம்பலுக்குள் விரலை விட்டு, ஒரு பிடி அள்ளி, ஒரு கடித உறையில் போட்டுக் கொடுத்தேன்.