சேலம் டூ நாமக்கல்: ஒரு ஜோடிக் கண்ணைத் தேடி...

சேலம்னா மாம்பழம், நாமக்கல்னா முட்டை. ஜி.கே. புத்தகத்துல இதோட மேட்டர் ஓவர்! ஆனா, இந்தச் சமவெளியில வேற ஒரு விளைச்சலும் இருக்கு பாஸ். கட்டை விரலைக் குறிவெச்சு யார்க்கர் போடுற ஒரு இடது கை. பாராலிம்பிக்ஸ்ல மூணு தடவை மெடல் வாங்கின ஒரு ஹைஜம்ப். டி. நடராஜன், மாரியப்பன் தங்கவேலு... ரெண்டு பேரையும் இன்னைக்கு உலகத்துக்கே தெரியும்.

நம்ம கேள்வி அது இல்லை. உலகம் பார்க்குறதுக்கு முன்னாடி இவங்களை யார் பார்த்தாங்க? 'இவன்கிட்ட ஏதோ இருக்கு'ன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? வெளிநாட்டு கிளப்களில் இந்த வேலைக்கு சம்பளம் கொடுத்து ஆள் வெச்சிருக்காங்க. அவங்களுக்கு 'ஸ்கவுட்'னு பேரு. நம்ம ஊர்ல யார் ஸ்கவுட்? சேலம் புது பஸ் ஸ்டாண்டை நடுப்புள்ளியா வெச்சு நாலு பக்கமும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம். சில்லறை எடுத்துக்கிட்டீங்களா? ரைட், போலாம்!

மேற்கே... சின்னப்பம்பட்டி

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களைத் தாண்டி பஸ் மேற்கே போகப் போக, ஜன்னல் வழியா ஒரு சத்தம் கூடவே வரும். 'தடக் தடக்'னு விசைத்தறி. வீட்டுக்கு வீடு, சந்துக்கு சந்து. நடராஜனின் அப்பாவும் தறித் தொழிலாளிதான். அம்மா ரோட்டோரத்தில் கடை போட்டவர். அஞ்சு பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர்.

இந்தப் பக்கத்து கிரிக்கெட் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஏரி காய்ஞ்சா அதுதான் கிரவுண்ட். அறுவடை முடிஞ்ச கடலைக்காடுன்னா இன்னும் விசேஷம். பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட், கோடை லீவுக்கு ஒரு டோர்னமென்ட். மைக்செட், ஃப்ளெக்ஸ், ஓவர் கணக்குக்கு சண்டை எல்லாம் உண்டு. பந்து மட்டும் டென்னிஸ் பந்து. எடை 60 கிராமுக்கும் கீழே. நிஜ கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூணு மடங்கு!

டென்னிஸ் பந்தில் சீம் கிடையாது. கொஞ்சம் ஷார்ட்டா விழுந்தாலும் பந்து ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம்தான். பவுலர் தப்பிக்கணும்னா பேட்ஸ்மேனின் காலடியில் போட்டே ஆகணும். நடராஜனின் யார்க்கர் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சு வந்ததுதான். 20 வயசு வரைக்கும் அவர் டென்னிஸ் பந்துதான் வீசிக்கிட்டு இருந்தார். 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் தமிழ்நாடு அணி எதிலும் அவர் பேர் கிடையாது. சட்டப்படி பார்த்தா, ஜூனியர் ஸ்கவுட்டிங்ங்கிற சல்லடையில் அவர் விழவே இல்லை.

அவரைப் பார்த்தது அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். தானும் கிரிக்கெட் ஆடினவர். பார்த்ததோட விடலை, பையனை சென்னைக்கு லீக் ஆட அனுப்பிவைச்சார். கீழ் டிவிஷனில் இருந்து படிப்படியா ஏறி 2015 ஜனவரியில் ரஞ்சி டிராபி. உடனே ஒரு இடி. பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியதுன்னு புகார்! பல பேருக்குக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். சுனில் சுப்ரமணியம் போன்ற பயிற்சியாளர்களின் உதவியோட ஆக்‌ஷனைப் பிரிச்சு மறுபடி கட்டினார். 2016-ல் டி.என்.பி.எல். சூப்பர் ஓவரில் வரிசையா யார்க்கர். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், போன விலை 3 கோடி!

அப்புறமும் நேரான ரோடு இல்லை. அந்த சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்த ரெண்டு சீசன் ஹைதராபாத் அணியில் பெஞ்ச். 2020-ல்தான் சான்ஸ். 16 மேட்ச்சில் 16 விக்கெட், அதுல ஒண்ணு டிவில்லியர்ஸ் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர். அதே டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே டூரில் மூணு ஃபார்மட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர்! 2020 ஐ.பி.எல்.லில் அவர் முதுகில் இருந்த பேர் என்ன தெரியுமா? 'ஜே.பி. நட்டு'. முதல் ரெண்டு எழுத்து ஜெயப்பிரகாஷுக்கு.

அதே ஊரில் இன்னொரு பேரும் இருக்கு. ஜி. பெரியசாமி. 2019 டி.என்.பி.எல். ஃபைனலில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக அஞ்சு விக்கெட் எடுத்து கோப்பையைத் தூக்கிக் கொடுத்தவர். ஒரே கிராமத்தில் ரெண்டு வேகப்பந்து வீச்சாளர்கள்! மண்ணோட மகிமைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பக்கத்து ஊரிலும் அதே மண்தானே? சின்னப்பம்பட்டியில் பார்க்க ஆள் இருந்தாங்க. அதுதான் வித்தியாசம். 2023 ஜூனில் அங்கே 'நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்' திறந்தாச்சு. இனி அந்த ஊர்ப் பையன் ஏரி காயுறதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பல்லைப் பிடிச்சுப் பாரு!

இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் கொங்கணாபுரம். சனிக்கிழமை ஆட்டுச் சந்தை ரொம்ப பிரசித்தம். வியாபாரி ஆட்டை வாங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா? வயசு தெரிஞ்சுடும். அப்புறம்தான் எடை, விலை எல்லாம்.

கிரிக்கெட் போர்டும் இதைத்தான் பண்ணுது. 16 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு வரும் பசங்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயசைப் பார்ப்பாங்க. சர்டிஃபிகேட் பொய் சொல்லலாம், எலும்பு சொல்லாது! நல்ல விஷயம்தான். ஆனா இதுக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. நம்ம ஊர் ஜூனியர் கிரிக்கெட்டில் வயசுக் கணக்கு தொடங்குற நாள் செப்டம்பர் 1. செப்டம்பரில் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பையனும் ஒரே பிரிவு. 13 வயசில் ஒரு வருஷம்ங்கிறது சாதாரண வித்தியாசமா? ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருத்தனுக்கு குரல்கூட உடைஞ்சிருக்காது. செலக்‌ஷன் அன்னைக்கு யார் வேகமா போடுவான்? பெரியவன். கேம்ப், கோச், நல்ல ஷூ எல்லாம் அவனுக்கே. ரெண்டு வருஷம் கழிச்சு நிஜமாவே அவன்தான் பெட்டரா இருப்பான்!

இதைக் கண்டுபிடிச்சது நம்மாளுங்க இல்லை. ஐஸ் ஹாக்கிதான் மூச்சுன்னு வாழுற கனடாவில், 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லிங்கிற மனவியல் ஆய்வாளர் ஜூனியர் வீரர்களின் பிறந்தநாளை எண்ணிப் பார்த்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பசங்கதான் கும்பலா இருந்தாங்க. காரணம், அங்கே கணக்கு தொடங்குறது ஜனவரி 1. ஸ்கவுட்கள் 'திறமை'ன்னு நினைச்சுப் பொறுக்கினதில் பாதி, முன்னாடி பிறந்த அதிர்ஷ்டம்!

அதே ஐஸ் ஹாக்கியில் பாவெல் தட்சியுக்னு ஒரு ரஷ்யப் பையன். குள்ளம், ஒல்லி. அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் ஒவ்வொரு வருஷமும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ரெண்டு வருஷம் இவரை யாரும் சீண்டலை. டெட்ராய்ட் அணியின் ஸ்கவுட் ஹாகன் ஆண்டர்சன், வேற ஒரு பையனைப் பார்க்கத்தான் ரஷ்யா போனார். போன இடத்தில் கண்ணில் பட்டது தட்சியுக். 1998-ல் 171-வது ஆளாக எடுத்தாங்க. அவரோட அந்த அணி 2002-லும் 2008-லும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. தேடிப் போன இடத்தில் பக்கத்தில் நிக்கிறவனையும் பார்க்கிறதுதான் ஸ்கவுட்டோட வேலை போல!

வடக்கே... பெரியவடகம்பட்டி

பெங்களூர் ஹைவேயில் ஓமலூரைத் தாண்டி தீவட்டிப்பட்டி பக்கம் இறங்கினா பெரியவடகம்பட்டி. மாரியப்பனின் ஊர். அஞ்சு வயசில் நடந்த விபத்தில் வலது காலின் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போச்சு. அம்மா சரோஜா காய்கறி வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தினார்.

எந்த ஸ்கவுட் ஷீட்டை எடுத்தாலும் இந்தப் பையனுக்கு முதல் கட்டத்திலேயே பெருக்கல் குறி. ஆனா அவர் பள்ளியின் பி.டி. வாத்தியார் ஷீட்டைப் பார்க்கலை, பையனைப் பார்த்தார். ஹைஜம்ப் பண்ணச் சொன்னார். 14 வயசில், ரெண்டு காலும் நல்லா இருக்கிற பசங்களோட போட்டி போட்டு ரெண்டாம் இடம்!

2013-ல் தேசிய பாரா தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் பட்டார். 2015-ல் பெங்களூரில் பயிற்சி. 2016-ல் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்கு டிக்கெட். ரியோவில் 1.89 மீட்டர், தங்கம்! 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். இதுக்கு நடுவுல சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ.வும் முடிச்சார். உங்களை மாதிரி அரியர் டென்ஷனோட பஸ் பிடிச்ச ஆள்தான்!

தெற்கே... நாமக்கல்

லாரி பாடி கட்டுற பட்டறைகள், கோழிப்பண்ணைகள், பெரிய பெரிய பள்ளி கட்டடங்கள். நாமக்கல்லுக்கு ஸ்கவுட்டிங் புதுசே இல்லை. 2000களில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் டாப் மார்க் பசங்களைத் தேடிப்பிடிச்சு, ஃபீஸ் இல்லாம ஹாஸ்டலோட சீட் கொடுத்த பள்ளிகள் உண்டு. ஸ்டேட் ரேங்க் போட்டோ பஸ் முதுகில் வரும். 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தின பிறகுதான் அந்த ஜுரம் கொஞ்சம் தணிஞ்சது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மூலை கிராமத்தில் 495 மார்க் எடுத்த பையனை ரெண்டே நாளில் கண்டுபிடிச்ச ஊர் இது. மார்க்குக்கு ஷீட் இருக்கு, அதை யார் வேணும்னாலும் படிக்கலாம். யார்க்கருக்கு ஷீட் கிடையாது. யாராவது வெயில்ல வந்து நின்னு பார்த்தாத்தான் உண்டு. அதிலும் பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். ஏரிக்கரை கிரவுண்டில் அவங்களுக்கு இடமே இல்லைங்கிறப்போ, பார்க்க வர்றவர் யாரைப் பார்ப்பார்?

கிழக்கே... வாழப்பாடி

ஆத்தூர் ரோட்டில் மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கிட்டே போனா வாழப்பாடி. அங்கே மலையடிவாரத்தில் பச்சைப்பசேல்னு சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரியில் திறந்தாங்க, ராகுல் டிராவிட் வந்திருந்தார். டி.என்.பி.எல். மேட்ச்கள் நடக்குது. சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறினாத்தான் டர்ஃப் விக்கெட்டைப் பார்க்க முடியும்ங்கிற நிலைமை மாறியிருக்கு. 2023-ல் இருந்து முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, மாற்றுத்திறனாளிகள்னு தனித்தனிப் பிரிவுகள் இருக்கு. வாசல் திறந்திருக்கு. ஆனா வாசல் வரைக்கும் ஒருத்தனைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் வேணுமே?

அந்த ஆள் நீங்களா ஏன் இருக்கக் கூடாது?

நாலு பக்கமும் சுத்தியாச்சு. ரெண்டு கதையிலும் முதல் ஸ்கவுட் பெரிய ஆபீஸில் இருந்து வந்தவர் இல்லை. ஒருத்தர் ஊர்க்காரர், ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார். அவங்க கையில் ஸ்பீடு கன் இல்லை. ஒரே நாளில் பார்த்து முடிவு பண்ணவும் இல்லை. தினமும் பார்த்தாங்க, பையன் தடுமாறினப்பவும் கூட நின்னாங்க.

நீங்களும் செய்யலாம். ஊர் டோர்னமென்ட்ல ஒரு பையன் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பந்தைப் போடுறானா? எத்தனை விக்கெட்னு மட்டும் பார்க்காதீங்க. கடைசி ஓவரில், அடி வாங்கின பிறகு, அடுத்த பந்தை எங்கே போடுறான்னு பாருங்க. மொபைலில் பின்னாடி இருந்து ஒரு வீடியோ, பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுங்க. பிறந்த மாசத்தைக் கேளுங்க. குள்ளமா இருந்தா, 'இன்னும் வளருவான்'னு எழுதி வைங்க. உங்க காலேஜ் ஃபிசிக்கல் டைரக்டர்கிட்ட காட்டுங்க. செலக்‌ஷன் நடக்குற தேதியை விசாரிச்சு, முடிஞ்சா அன்னைக்கு அவனோட பஸ் ஏறுங்க. முதல் தடவை தனியா போற பையன் கேட் வரைக்கும் போயிட்டு, வெள்ளை டிரஸ்ஸையும் கிட் பேக்கையும் பார்த்துட்டு, பேசாம திரும்பி வந்துடுவான்.

வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்ல முதல் பந்திலேயே உங்க நடு ஸ்டம்ப் பறந்தா, நோ-பால்னு சண்டை போடாதீங்க பாஸ். போட்டவன் பேரைக் கேட்டு வெச்சுக்கங்க!