இரவுப் பால்

இளமையைச் சுட்டும் பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் உரியது என்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துச் சொல்கிறது. மூன்று வரிகளை உடைய அணிலையும் அது மறக்கவில்லை. அதன் இளமையைக் குட்டி என்று வழங்கலாம் என்கிறது. மக்கள் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போய், வளர்ந்த அணிலையே அணிற்பிள்ளை ஆக்கிவிட்டது. கீரியும் நமக்குப் பிள்ளை; நட்டு நீரூற்றும் தென்னங்கன்றும் பிள்ளை. ஆனால் ஓர் உயிரைச் சொல்லால் பிள்ளையாக்குவது எளிது. தாயை இழந்த காட்டுயிர் ஒன்றின் பச்சிளங்குட்டியை உள்ளங்கையில் ஏந்தி, அதை விடியும்வரை உயிரோடு வைத்திருக்க முயலும்போதுதான் அச்சொல்லின் பாரம் விளங்குகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சுழற்றியடித்தது. வாழையும் ரப்பரும் தென்னையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறத்தில், ஐம்பது ஆண்டுகள் காய்த்த தென்னை ஒன்று வேரோடு பெயர்ந்து கிணற்றடியில் விழுந்தது. மறுநாள் காலை அதன் மண்டையைத் துண்டாக்கிய வேலையாள், பன்னாடைக்கும் மட்டைக்கும் இடையே நாரும் பஞ்சுமாகப் பின்னப்பட்டிருந்த கூடு ஒன்றைக் கண்டு என்னை அழைத்தார். மட்டையின் அடியில் தாயணில் நசுங்கிக் கிடந்தது. கூட்டுக்குள் இரண்டு குட்டிகள் இருந்தன. கண் திறக்கவில்லை, செவி விரியவில்லை, உடலில் ஒரு மயிர் இல்லை. சுண்டுவிரலின் அளவே இருந்த அவ்வுடல்கள் குளிர்ந்து போயிருந்தன.

எவருக்கும் முதலில் தோன்றுவது பால் கொடுக்க வேண்டும் என்பதே. எங்கள் தெருவில், கால்நடை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. அவர் வந்து பார்த்துவிட்டு, "பால் அப்புறம், முதலில் சூடு" என்றார். உடல் குளிர்ந்த குட்டியின் வயிறு எதையும் செரிக்காது. அந்நிலையில் ஊட்டும் பாலே அதற்கு நஞ்சாகிவிடும் என்றார். மின்சாரம் இல்லை. வெந்நீர் நிரப்பிய புட்டியைப் பழந்துணியில் சுற்றி, அதன் அருகே குட்டிகளைக் கிடத்தினோம். ஒரு மணி நேரத்துக்குப் பின் அவற்றின் தோல் நிறம் மாறியது. அதன் பிறகே, சர்க்கரையும் உப்பும் கரைத்த வெதுவெதுப்பான நீர் சில துளிகள். அதற்கும் பிறகே பால்.

பாலிலும் ஒரு பாடம் இருந்தது. ஒவ்வோர் இனத்தின் தாய்ப்பாலும் அந்த இனத்தின் குட்டிக்கென்றே அமைந்தது. அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைவிட மிகுதி. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு ஒரே நாளில் குட்டி வற்றிவிடும் என்று பெரியவர் எச்சரித்தார். பக்கத்துத் தெருவில் ஆடு ஒன்று ஈன்றிருந்தது. அந்தப் பாலை ஊசி கழற்றிய சிறு சிரிஞ்சில் எடுத்து, குட்டியை மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, துளித் துளியாக உதட்டில் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்த பால் மெல்லிய தோலின் வழியே வயிற்றில் வெண்கோடாகத் தெரியும். அதோடும் வேலை முடிவதில்லை. அத்தனை சிறிய குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நாவால் நக்கித் தூண்டுவதை, நாம் ஈரப்பஞ்சால் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலும் இரவும்.

அந்த நாள்களில் எங்கள் ஊரில் உறங்கியவர்கள் குறைவு. புயலுக்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் பல திரும்பவில்லை. லட்சத்தீவில் சில, மகாராஷ்டிரக் கரையில் சில, குஜராத்தில் சில என்று செய்தி வரும்போதெல்லாம் பெயர்ப் பட்டியலைத் தேடி மக்கள் ஓடினார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் இளைய மகனும் கடலில் இருந்தான். இரண்டாம் நாள் இரவு, எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு வந்தவர், நான் செய்வதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கு எப்படியும் உறக்கம் வராது டீச்சர். ராத்திரிப் பாலை நான் குடுக்கேன்" என்றார். அன்று முதல் பத்து மணிக்கு மேல் அவர் முறை. மண்ணெண்ணெய் விளக்கின் அருகே திண்ணையில் அமர்ந்து, தெருமுனையைப் பார்த்தபடியே குட்டிகளைக் கவனித்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்த அவ்விரல்கள் என் விரல்களைவிடப் பொறுமையானவை.

நான்காம் நாள் விடியலில் இரண்டு குட்டிகளில் ஒன்று இறந்தது. அது தொடக்கம் முதலே மெலிந்தது. முந்தைய மாலையிலேயே பால் குடிக்க மறுத்துவிட்டது. அந்த அம்மாள் என்னை எழுப்பவில்லை. நான் போனபோது, அது துணியில் சுற்றப்பட்டு ஓரமாக இருந்தது. மற்றதற்கு அவர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த முயற்சியில் தோல்வி, தேர்ந்த கைகளுக்கும் நேர்வதுண்டு. முதுமலைத் தெப்பக்காடு யானைகள் முகாமில், மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ரகு என்ற குட்டியானையைப் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த கதையை உலகம் அறியும். அதைச் சொன்ன ஆவணப்படம் 2023 மார்ச் மாதம் ஆஸ்கர் விருது பெற்றது. அதே மார்ச்சில், தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட சில மாதக் குட்டி ஒன்று, தாயோடு சேர்க்க முடியாமல் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. கொடுத்த பாலை அதன் குடல் ஏற்கவில்லை. மாத இறுதிக்குள் அது இறந்துவிட்டது. அதே மனிதர்கள், அதே அக்கறை, மருத்துவரும் அருகில்; எனினும் தாய்ப்பாலுக்கு ஈடாக ஒன்றை அவர்களால் தர முடியவில்லை. விருதுச் செய்தியை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒரு குட்டி பிழைத்ததற்காக வளர்த்தவரை வானளாவப் புகழ்வதும், மற்றொன்று இறந்ததற்காக அவரைக் குறை கூறுவதும் இந்தப் பணியை அறியாதவர் பேச்சு.

எஞ்சிய அணிற்குட்டி பிழைத்தது. முதலில் தோலுக்கு அடியில் நிழல்போல மூன்று கோடுகள் தெரிந்தன. பிறகு மயிர் அரும்பியது. மூன்றாம் வாரம் அளவில் கண் திறந்தது. எங்கள் தெருக் குழந்தைகள் அதைத் தோளில் ஏற்றி விளையாட விரும்பினார்கள். அந்த அம்மாள் இடம் கொடுக்கவில்லை. "பழக்காதீங்க டீச்சர். அதுக்குப் பூனைக்கும் காக்காய்க்கும் பயப்படத் தெரியணும், நம்மளக் கண்டாலும் பயப்படணும்" என்றார். வனவிலங்குகளை மீட்டு வளர்ப்போர் பின்பற்றும் தலையாய விதியை அவர் யாரிடமும் படிக்காமலே சொன்னார். மனிதக் கையை நம்பக் கற்ற காட்டுயிர், அடுத்து வரும் கை எத்தகையது என்று அறியாது. ஆகவே கையிலிருந்து கூண்டுக்கும், கூண்டிலிருந்து கொய்யா மரத்துக்கும் அதனைப் படிப்படியாக மாற்றினோம். 2018 பிப்ரவரி நடுவில் கூண்டின் கதவைத் திறந்தே வைத்தோம். சில நாள் இரவில் திரும்பி வந்து படுத்தது. பிறகு வரவில்லை.

அந்த அம்மாளின் மகனும் வரவில்லை. எங்கள் கடற்கரையிலும் அண்டைக் கேரளக் கரையிலுமாக, அப்புயலில் போய்த் திரும்பாதவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அணிற்குட்டி அவருக்கு ஆறுதல் தந்தது என்று எழுத எனக்குத் துணிவில்லை. அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மகனின் இடத்தை எந்த உயிரும் நிரப்பாது. நான் கண்டது இவ்வளவே: நீண்ட இரவுகளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் செய்வதற்கு ஒரு வேலையை அக்குட்டி அவருக்குக் கொடுத்தது. தாங்கவொண்ணாத காலத்தில் சிலருக்கு அதுவே கிடைக்கிறது, அதுவும் சிறியதன்று.

இதனைப் படிக்கும் அன்பர்கள், கண்ணில் படும் குட்டிகளையெல்லாம் எடுத்து வளர்க்க முனைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியே கிடக்கும் குட்டி எல்லாம் அநாதை அன்று. கூடு கலைந்த தாயணில், ஆள் அரவம் அடங்கியதும் வந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விச் சென்று வேறு கூட்டில் சேர்க்கும். மனித வாடை பட்டதால் தாய் ஒதுக்கிவிடுவாள் என்ற அச்சத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், கூட்டத்தைப் பிரிந்த குட்டியானை ஒன்றை வனத்துறையினர் நீராட்டி, தாய் இருந்த திசையறிந்து கொண்டுபோய்ச் சேர்த்தனர். பின்னர் அக்குட்டி தாயின் அணைப்பில் உறங்கும் காட்சியை அவர்களே தொலைவிலிருந்து படமெடுத்தனர். எந்தப் பாலும் எந்தப் பராமரிப்பும் தர இயலாததை அந்த ஒரு சேர்க்கை தந்துவிட்டது.

எனவே மரம் விழுந்தால் முதலில் கூட்டைத் தேடுங்கள். குட்டிகள் இருந்தால், துணி விரித்த பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்து, பூனை எட்டாத உயரத்தில் அதே இடத்துக்கு அருகே வையுங்கள். பின்னர் விலகி நில்லுங்கள். தாய் இறந்தது உறுதியானால், அல்லது மாலைவரை அது வராவிட்டால், வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவியுங்கள். அதுவரை சூடு போதும். வெறுமனே நிற்பதுபோலத் தோன்றும் அந்தச் சில மணி நேரம் கடினமானது. கை தானாகக் குட்டியை நோக்கி நீளும். நீட்டாமல் இருங்கள். தாய் வருகிறதா என்று பார்த்து நிற்பதும் காப்பாற்றும் வேலையில் சேர்ந்ததே.