முதல் வருஷம் மட்டம்... அப்புறம்தான் மூக்கு!

மகாபலிபுரம் என்றதும் நம்ம ஆபீஸ் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது மூன்றே மூன்று. பீச், மீன் வறுவல், வெண்ணெய்த் திரள் பாறைக்கு முதுகால் முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ. (இத்தனை வருஷமாக அந்தப் பாறை உருளாமல் நிற்பது பல்லவர் காலத்து மர்மம் என்கிறார்கள். அதெல்லாம் இல்லை, நம்ம ஆட்கள் ஷிஃப்ட் போட்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!)

நாலாவதாக ஒன்று உண்டு. அது கண்ணுக்கு முன்னால் காதில் விழும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கி.மீ. பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்து ரதம் போகிற பக்கமாக நடந்தால் 'டக்... டக்... டக்...' நடுநடுவே கிரைண்டர் மெஷின் போடுகிற 'க்ர்ர்ர்ர்'. ரோட்டோரக் கொட்டகைகளில் கையில்லாத அம்மன், முகமில்லாத பிள்ளையார், பாதி உடம்பு மட்டும் கல்லை விட்டு வெளியே வந்த நந்தி.

ஒரு கொட்டகைக்குள் நுழைந்தேன். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கணக்கு நோட்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பத்தொன்பது, இருபது வயசுப் பையன் ஒருவன் கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, பிள்ளையாரா, முருகனா?"

"கல்லு சார்."

நக்கல் இல்லை, நிஜமாகவே அவன் செதுக்கிக்கொண்டிருந்தது கல்லைத்தான்! கரடுமுரடான கருங்கல்லை ஆறு பக்கமும் சமமாக, மூலைக்கு மூலை நேராக ஒரு பெட்டி மாதிரி ஆக்க வேண்டும். இதற்கு 'மட்டம் எடுக்கறது' என்று பெயர். எட்டு மாசமாக இதுதான் வேலை. ஒன்று முடிந்தால் அடுத்த கல்.

மட்டம் வந்துவிட்டதா என்று பார்க்கிற வித்தை பிரமாதம். நேரான மரப்பலகையின் விளிம்பில் காவியைக் கரைத்துத் தடவுகிறார்கள். அதைக் கல் மேல் வைத்து லேசாக இழுத்தால், மேடு இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தை உளியால் தட்டி எடு. மறுபடி பலகையை வை. மறுபடி சிவப்பு. மறுபடி தட்டு. பரீட்சைப் பேப்பரில் வாத்தியார் சிவப்பு மை அடிக்கிற மாதிரி, கல்லே தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்! பையன் என் எதிரிலேயே ஒரு பக்கத்தைப் பதினேழு தடவை பார்த்தான். பதினேழு தடவையும் சிவப்பு.

"மூக்கு செதுக்கத்தான் எல்லாப் பயலுக்கும் ஆசை. மட்டம் வராத கையிலே மூக்கு எப்படிங்க வரும்?" என்றார் பெரியவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சேர்ந்ததும் உளியைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் டீ வாங்கி வருவது, கல் சில்லைக் கூட்டி அள்ளுவது. பிறகு உலையில் துருத்தி போடுவது. கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கிவிடும். காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து மறுபடி கூர் ஏற்ற வேண்டும். ஜாஸ்தி தோய்ந்தால் முனை உடையும், கம்மியானால் மடங்கும். அந்தப் பக்குவம் பிடிபட்ட பிறகுதான் சுத்தி. கண் சுத்தியைப் பார்க்கக் கூடாது, உளி முனையைத்தான் பார்க்க வேண்டும். இடது கை விரல்கள் இதை நம்பக் கொஞ்ச நாள் ஆகும்! பையன் விரலைக் காட்டினான். நம்பாத நாட்களின் தழும்புகள் வரிசையாக இருந்தன.

இதற்கெல்லாம் அப்பால்தான் சாஸ்திரம். தட்டினால் மணி மாதிரி கணீரென்று பேசுவது ஆண் கல், தாளம் மாதிரி பேசுவது பெண் கல், பேசாதது தரை போட. உத்தம தச தாளம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 பாகமாகப் பிரித்து, முகத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று ஒதுக்க வேண்டும். நம்ம வீட்டு பட்ஜெட்டையே ஒழுங்காகப் பிரிக்கத் தெரியாத எனக்குத் தலை சுற்றியது.

ஒரு காலத்தில் இந்தக் கொட்டகைக்குள் வர ஸ்தபதி வீட்டில் பிறந்திருக்க வேண்டும். 1957-ல் அரசாங்கம் இதே ஊரில் சிற்பக் கலைப் பயிற்சிக்கு ஒரு நிலையம் ஆரம்பித்தது. இன்றைக்கு அது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. ப்ளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். கல், சுதை, மரம், உலோகம் என்று நாலு வருஷப் படிப்பு. கோயில் கட்டுகிற கணக்குக்குத் தனிப் பிரிவு. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி பல வருஷம் அங்கே தலைமை வகித்தவர். 2000 ஜனவரி 1-ம் தேதி திறந்த அந்தச் சிலை, 2004 சுனாமிக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

நம்ம பையன் வந்தது அந்த வாசல் வழியாக அல்ல. மீனவர் வீட்டுப் பிள்ளை. நாலு வருஷம் படித்துக்கொண்டிருக்க வீட்டில் வசதி இல்லை. கொட்டகையில் சாப்பாடு உண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போட்டு ஒரு சர்டிபிகேட்டும் தர மாட்டார்கள். கைதான் சர்டிபிகேட்.

"ஒரகடத்துல கார் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க சார். திங்கட்கிழமை வரச் சொல்றாங்க. மாசச் சம்பளம், கம்பெனி பஸ், கேன்டீன். அப்பா போயிடுங்கறாரு."

"நீ என்ன சொல்றே?"

பதில் சொல்லாமல் எதிர்க் கொட்டகையைக் காட்டினான். அவன் வயசுப் பையன் ஒருவன் கிரைண்டரும் கையுமாக வெள்ளைப் புகைக்குள் நின்றுகொண்டிருந்தான். கிரைண்டர் பழக இவ்வளவு மாசம் வேண்டாம். உள்ளங்கை சைஸ் பிள்ளையார் மடமடவென்று விழும், டூரிஸ்டும் வாங்கிப்போவார், அன்றைக்கே காசு. ஆனால் அந்தப் புகை புகையல்ல, கல் மாவு. நுரையீரலில் வருஷக்கணக்காகப் படிந்து சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தே கிடையாது. தண்ணீர் விட்டு அறுக்கலாம், நல்ல முகமூடி போடலாம். அவன் மூக்கைச் சுற்றியிருந்ததோ வெறும் கைக்குட்டை! இதைச் சொன்னதும் பெரியவர், "நம்மகிட்டயும் ஒரு மெஷின் இருக்குங்க. அது இல்லாம ஆர்டர் முடியாது. பழகற பசங்க கையில மட்டும் குடுக்கறதில்ல" என்றார். கேட்க நன்றாக இருந்தது. பழகி முடித்தவர்களின் மூக்கு மட்டும் என்ன பாவம் செய்ததோ!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பையன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். "முடிச்ச வேலையைக் காட்ட ஊரெல்லாம் கைடு இருக்காங்க சார். முடிக்காததை நான் காட்டறேன்."

அர்ஜுனன் தபசைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு தபசுப் பாறை இருக்கிறது. பாதியிலேயே விட்டது. ஒரு ஆள் அதன் பக்கம் திரும்புவதில்லை. முடியாத குகைகள் சிலவற்றில், பாறையைச் சதுரம் சதுரமாகக் கட்டம் பிரித்து, கட்டத்துக்கு நடுவே மேடாக விட்டிருக்கிறார்கள். முதலில் கோட்டை ஆழமாக்கு, பிறகு மேட்டைத் தட்டிவிடு. அப்படியே உள்ளே போய்க்கொண்டே இரு. டிக்கெட் வாங்கி ஐந்து ரதத்துக்குள் போனோம். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்கள் ஜம்மென்று முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் அரைகுறை. மேலிருந்து கீழே வந்திருக்கிறார்கள். வெட்டாத பாறையே சாரம்! எங்கள் தெருவில் மூன்று மாடிக்குச் சவுக்குக் கழி கட்டிவிட்டு மேஸ்திரி காணாமல் போனது நினைவுக்கு வந்தது.

முடியாத ஒரு பாறைச் சுவருக்குப் பக்கத்தில் பையன் குனிந்தான். அங்கே உளித் தடங்கள். ஒரு வரிசை சீராக, சாய்வாக, மழை மாதிரி. பக்கத்து வரிசை கன்னாபின்னாவென்று.

"இது பழகுன கை சார். இது என்னை மாதிரி ஒருத்தன். ஆயிரத்து முந்நூறு வருஷமா மாட்டிக்கிட்டு நிக்கறான் பாருங்க!"

திரும்பி வந்ததும் மறுபடி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தான். திங்கட்கிழமை பற்றிக் கேட்டேன்.

"போய்ப் பார்த்துட்டு வரணும் சார். அதுக்குள்ள இதை முடிச்சிரணும். அஞ்சு பக்கம் ஆயிடுச்சு, இந்த ஒண்ணுதான் பாக்கி."

காவியைத் தடவிப் பலகையை வைத்து இழுத்தான். நடுவில் ஒட்டவில்லை. வலது மூலையில் மட்டும் ஒரு பொட்டு சிவப்பு. உளியை எடுத்தான்.