சந்தோஷக் காசு



கப்பலில் போய் வந்தவள் கடலைப் பற்றி எழுதாமல் காசைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கடல் எனக்குப் புதிதல்ல. எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு புறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு. பள்ளிவாசல்துறையில் பிறந்தவளுக்கு அலைச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால் நம்முடைய அறையை இன்னொருவர் கூட்டித் துடைத்து, படுக்கை விரித்து, துவாய் மாற்றிவிட்டுப் போவதுதான் எனக்குப் புதிது. அந்த வேலையை நாலு வருஷம் நான் செய்திருக்கிறேன். எனக்கு ஒருவர் செய்தது அதுதான் முதல் தடவை.

டுபாயில் வேலை செய்யும் என் மகன் 2024 ஜனவரியில் என்னை அழைத்திருந்தான். குளிர்காலத்தில் அங்கிருந்து அபூதபி, தோஹா என்று ஒரு வாரம் சுற்றி வரும் உல்லாசக் கப்பல் ஒன்றில் எல்லோருமாகப் போவது என்று ஏற்பாடு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், நான் என்று ஐந்து பேர். ஓர் அறையில் நாலு பேருக்குத்தான் இடம். ஆகவே எனக்கு மட்டும் தனி அறை, அதுவும் வேறொரு தட்டில். "இந்தக் கிழவி தனியாகவா கப்பலேறினாள்?" என்று கேட்கப் போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனி அறை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கப்பல் அறைகளுக்கு இரண்டு பேர் கணக்கில்தான் விலை போடுகிறார்கள். ஒருவர் மட்டும் தங்கினாலும் அனேகமான கம்பெனிகளில் இரண்டாவது ஆளின் கட்டணத்தில் பெரும் பகுதியையோ முழுவதையுமோ கட்டத்தான் வேண்டும். மகன் முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். அவன் முணுமுணுத்தது என் மனதில் தங்கிவிட்டது. பிறகு நான் செய்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

என் அறையைப் பார்த்துக்கொண்டவர் இந்தோனேசியப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். முதல் நாள் கதவைத் தட்டி, என் முக்காட்டைப் பார்த்ததும் ஸலாம் சொன்னார். என்னை "இபு" என்று கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் உம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். கப்பல் திரும்பத் திரும்ப கிப்லாவும் மாறுமல்லவா? காலையில் வந்து போகும்போது, பகலைக்கு எந்தச் சுவர்ப் பக்கம், அஸருக்கு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். எந்தக் கம்பெனியும் அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்காது.

நானோ பழக்கதோஷத்தில் சுபஹுக்கு எழும்பி, படுக்கையை நானே விரித்து, குளியலறையையும் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவேன். இரண்டாம் நாள் அந்தப் பிள்ளை முகம் வாடி, "இபு, என் வேலை பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, சங்கடமாகவும் போனது.

அன்றிரவுதான் மகன் அறைத் தொலைக்காட்சியில் என் கணக்கைப் போட்டுக் காட்டினான். நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆனாலும் நாளுக்கு 12 யூரோ ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன மகன் இது?"

"வேலைக்காரங்களுக்கு உம்மா. சந்தோஷம் மாதிரி. ஆளுக்கு இவ்வளவென்று அவங்களே போட்டுடுவாங்க."

ஏழு நாளைக்கு 84 யூரோ. அன்றைய விலைக்கு நம் காசில் 29 ஆயிரம் ரூபாய்க்கு மேல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொகை பெரிதென்பது ஒரு பக்கம். அதைவிட, சந்தோஷத்தை முதலாளி வாங்கிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1995 முதல் 1999 வரை தோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். சம்பளம் 400 ரியால். பெருநாளைக்கு அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் போகும்போது வேலைக்காரிகளுக்கென்று ஏதாவது கொடுப்பார்கள். எங்கள் கையில் கொடுப்பதில்லை, வீட்டுக்காரி கையில் கொடுப்பார்கள். அவள் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டுவாள். கடைசியில் தருகிறேன் என்பாள். நாலு வருஷத்தில் எட்டுப் பெருநாள். நான் ஊர் திரும்பிய அன்று அந்த லாச்சி திறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. விமான டிக்கட் கைக்கு வந்ததே போதும் என்றிருந்தது.

ஆகவே இந்த 84 யூரோவும் ஏதோ ஒரு லாச்சிக்குத்தான் போகிறதென்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. மூன்றாம் நாள், மகனிடம் சொல்லாமல், நானே கீழ்த்தட்டுக் கவுண்டருக்குப் போனேன். அதை என் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், நான் கையிலேயே கொடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. என் இங்கிலீஷ் அவ்வளவுக்குப் போதாது. அங்கிருந்த பெண் என்னவோ கேட்டாள். "ரூம்", "சர்வீஸ்", "ப்ரொப்ளம்" என்ற மூன்று சொல் காதில் விழுந்தது. நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். அவள் தட்டச்சு செய்தாள். கணக்கிலிருந்து காசு போய்விட்டது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு லிப்டில் ஏறினேன்.

ஐந்தாம் நாள் கப்பல் தோஹாவில் நின்றது. நான் முன்பு பார்த்த ஊரே இல்லை. கடற்கரை வீதியில் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் நடந்தேன். அந்த வீடு எந்தத் திசையில் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. மனம் இளகிப்போய்க் கப்பலுக்குத் திரும்பி, ஓர் உறையில் 50 யூரோ வைத்து, பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன். பேத்திக்குப் பதினொரு வயது, இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள்.

அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, பேத்தியைப் பார்த்தே சொன்னார். யார் யார் அந்தப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குப் பட்டியல் வருமாம். அப்படி எடுத்துவிட்டவர்கள் கையில் ஏதாவது கொடுத்தால் அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டுமாம், பொதுவில் போட. அந்தப் பொதுப் பணத்தில் அவருக்கு மட்டுமல்ல, சாப்பாடு பரிமாறுபவருக்கும், வெளியில் முகமே காட்டாமல் அடித்தட்டில் துணி வெளுப்பவருக்கும் பங்குண்டாம். அவருடைய மச்சான் ஒருவர் அதே கப்பலில் கோப்பை கழுவுகிறாராம்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. கரைவலை இழுக்கிற ஊர்க்காரி நான். வலை ஏறியதும் சம்மாட்டி பங்கு பிரிக்கும்போது, மடியைப் பிடித்தவனுக்கு மட்டுமா கொடுக்கிறார்? கரையில் நின்று கயிறு சுருட்டியவனுக்கும் கறிக்கு மீன் உண்டு.

ஆனால் பேத்தி அதோடு நிற்கவில்லை. "உம்மும்மா, நீங்க ரூம் சரியில்லையென்று கம்ப்ளேன் பண்ணினீங்களா? இவரை மேலதிகாரி கூப்பிட்டு விசாரிச்சாங்களாம்" என்றாள்.

சகோதரிகளே, நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் "யெஸ்" என்றது அந்தக் கேள்விக்குத்தான். என் அறையில் என்ன குறை வைத்தாய் என்று முந்தின நாள் அவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. அன்றைக்கும் அஸருக்குக் கிப்லா காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். தோஹா வீட்டில் ஒரு நாள் காணாமற்போன மோதிரத்துக்காக என்னை முழு இரவும் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். மோதிரம் பிள்ளையின் சட்டைப் பையில் கிடந்தது. பிறகு ஒருவரும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்த நான்தான் இன்னொரு பிள்ளைக்கு இதைச் செய்தேன்.

மஃரிப் தொழுததும் மகனையும் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். நீண்ட வரிசை. மகன், "நாளைக்குப் பார்ப்போம் உம்மா" என்றான். நான் அசையவில்லை. பணத்தைத் திரும்பப் போடச் சொன்னோம், போட்டார்கள். குறை ஒன்றும் இல்லை, எனக்கு மொழி விளங்காமல் சொன்னது என்று பதியச் சொன்னோம். அதற்கென்று இருந்த அட்டையில் அந்தப் பிள்ளையின் பெயரையும் அறை எண்ணையும் போட்டு, அவர் செய்ததையெல்லாம் மருமகள் எழுத, நான் கையெழுத்து வைத்தேன். கிப்லா காட்டியதையும் எழுதச் சொன்னேன். அந்த அட்டைகளை மேலதிகாரிகள் பார்ப்பார்கள், அடுத்த ஒப்பந்தத்துக்கும் உதவும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இவர்களுக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் ஒப்பந்தம். முடிந்ததும் ஊர் போய், மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். 2006இல் எழுதி 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடற்பணியாளர் ஒப்பந்தம் ஒன்றிருக்கிறது. நம் இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்தது. வாரத்தில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அதில் ஓர் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சம் 91 மணி நேரம். கிழமையில் ஒரு நாள் ஓய்வு என்று அந்த ஒப்பந்தம் சொன்னாலும், கப்பலில் அது கிடைப்பது அபூர்வம்.

இப்போது, உங்களில் யாராவது இப்படிப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். டிக்கட் எடுக்கும்போதே இந்தச் சேவைக் கட்டணம் உள்ளடங்கியதா, புறம்பா என்று கேளுங்கள். எல்லாக் கம்பெனியும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி 2019இல் தன் கப்பல்களில் அதை அடியோடு எடுத்துவிட்டது. அமெரிக்கக் கப்பல்கள் பலவற்றிலோ 2024இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 16, 18 டொலர் என்று போட்டார்கள். புறம்பாகப் போட்டிருந்தால் அதில் கை வைக்காதீர்கள். பிரயாணச் செலவில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு வழியில்லையென்றால் ஒரு நாள் குறைந்த பயணம் போகலாம்.

தனி அறைக்காரி கவனிக்க வேண்டியது வேறொன்று. அறைக்கு இரண்டு பேர் கட்டணம் வாங்கினாலும் இந்தச் சேவைப் பணம் தலைக்கு என்றுதான். ஆகவே நாம் தனியாக இருந்தால் அந்த அறையிலிருந்து ஓர் ஆளின் பணம்தான் போகும். கட்டிலும் குளியலறையும் தரையும் அதேதான், வேலை பாதியாவதில்லை. அதனால் முடிந்தவர்கள் கையிலும் கொஞ்சம் கொடுப்பது நல்லது. கடமையில்லை, மனம்தான். சில்லறைக் காசு கொடுக்காதீர்கள், வேறு நாட்டு நாணயத்தை அவர்களால் எங்கும் மாற்ற முடியாது. சின்ன நோட்டாக, உறையில் போட்டு, கடைசி நாளுக்கு முந்தின மாலையே கொடுத்துவிடுங்கள். கடைசிக் காலையில் அவர்களைப் பிடிக்க முடியாது. நாம் இறங்கிய சில மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறும், அதற்குள் எல்லா அறையும் தயாராக வேண்டும். ஆண் பிள்ளைக்குத் தனியாக உள்ளே வைத்துக் கொடுப்பது கூச்சமாயிருந்தால் கதவைத் திறந்து வைத்து, வெளியில் நின்றே கொடுங்கள். அல்லது பெயரெழுதி மேசையில் வைத்துவிடுங்கள். பெயர் எழுதாமல் வைத்தால் மறந்துபோன காசென்று தொடமாட்டார்கள்.

உம்றா போகும்போது மக்காவில் நம் ஹோட்டல் அறையைத் துப்புரவு செய்யும் வங்காளதேசப் பிள்ளைகள் விஷயமும் இதேதான். அங்கே பலர் பத்து ரியால் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் துஆக் கேட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

கடைசி மாலை அதே உறையை மறுபடி நீட்டினேன். அந்தப் பிள்ளை முதலில் பேத்தியைப் பார்த்தார். "திரும்பப் போட்டாச்சு" என்று அவள் சொன்னதும்தான் கை நீட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன், அவருக்கு விளங்கியதோ தெரியாது. "இபு, சுபஹுக்கு அந்த ஜன்னல் பக்கம்" என்று கை காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஊருக்கு வந்ததும் சகோதரர் மகன் பார்க்க வந்தான். அவன் ஆலங்குடாப் பக்கம் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் அறை வேலை செய்கிறான். டுபாய் மிட்டாயைக் கையில் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எவ்வளவு கொடுத்தேன் என்றுதான் கேட்பான் என்று நினைத்தேன்.

"மாமி, அந்த அட்டையில பேரைச் சரியா எழுதினீங்களா?" என்று கேட்டான்.